எனக்கு முன்னால் வைத்தே சொல்

அப்பன்,

மகனே, இதை நீ வாசிக்கும்போது உனக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். இப்போது உனக்கு நாலு. சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, நான் உதவ வந்தால் "ஸெல்பர்!" என்று கத்துகிறாய். ஜெர்மனில், நானே செய்வேன் என்று அர்த்தம். உன் வாயில் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அதே சொல்லை என் அப்பாவின் வாயில் கேட்ட நாளிலிருந்து அது எனக்கு வெறும் பகிடிச் சொல் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நான் லிஃப்ட் திருத்துகிறவன். பழுது எங்கே என்று கேட்டால் இன்ன இடத்தில் என்று சொல்லிப் பழகியவன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பயந்துபோய் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று விடுவதற்குக் காரணம், எங்கள் ஆட்களின் வீடுகளில் இதே பிழை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை.

உன் அப்பம்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஐம்பத்தேழு வயதில் மறதி நோய் என்று சொன்னார்கள். அதற்கு முதல் நாங்கள் அதைக் களைப்பு என்றோம், மாதவிடாய் நின்ற பிறகு இப்படித்தான் என்றோம், எதையோ சொன்னோம். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டபோது சிரித்தோம். சூரிச்சுக்குப் பக்கத்தில், டீட்டிகோனில் நாங்கள் குடியிருந்த அதே கட்டடத்தில் பக்கத்து வீட்டுக் கதவைச் சாவியால் திறக்கப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. இந்த வயதில் வருவது சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம், இரத்தத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மோட்டாரில் சத்தம் மாறினால் உடனே கழற்றிப் பார்க்கிறவன் நான். என்னைக் கழற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன். இந்தச் சொற்கள் உன் வீட்டு வாசலுக்கு வரும்போது நீ மிரளக் கூடாது. ஸ்பிட்டெக்ஸ் என்றால் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் சேவை. குளிக்க வைப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், காயத்துக்குக் கட்டுப் போடுவார்கள். அவர்கள் வரத் தொடங்குவதற்கு முன் ஒருவர் வந்து, இந்த ஆளுக்கு என்ன உதவி, எவ்வளவு உதவி தேவை என்று கேட்டுப் பதிவார். அதற்கு அப்க்ளேருங் என்று பெயர். தேவையை அளந்து பார்ப்பது, அவ்வளவுதான். லிஃப்டில் சுமை அளக்கிறது போல. ஏற்றுகிற சுமையைக் குறைத்துச் சொன்னால் கயிறு பலம் குறைந்த கயிறாகத்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அளக்க வந்த நாள் வீட்டில் கலியாணக் களை. அப்பா தரையைத் துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றி, குளியலறையில் அம்மாவுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி பால்கனியில் ஒளித்துவிட்டார். கடையில் வடை வாங்கி வைத்திருந்தார். அம்மாவுக்கு நீலச் சேலை. கட்டியது அப்பாதான். எத்தனையோ மாதமாக அம்மாவுக்கு உடுப்புப் போடுவது, தலை வாரி இழுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். எனக்குக்கூடச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். சேலை மட்டும் அவருக்கு வசப்படவில்லை. கொய்யக மடிப்பு நிற்காமல் ஊசியாகக் குத்தியிருந்தார்.

"ஆர் வருகினம்?" என்று அம்மா கேட்டா.

"உன்னைப் பொம்பிளை பாக்க வருகினம்."

"அப்ப நீங்கள் ஆர்?"

"நான் தரகர்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அப்பாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் குரலை மாற்றினார். "தம்பி, அவ கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கூடக் குறையக் கதைக்காதை."

வந்த தாதி நல்ல பெண். மெதுவாகக் கதைத்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். அம்மா அவரின் கையைப் பிடித்து உட்கார வைத்து, "சாப்பிட்டீங்களோ பிள்ளை?" என்று கேட்டா. வடைத் தட்டை நீட்டினா. உனக்கு இதைக் குறித்துச் சொல்ல வேண்டும்: இந்த நோய் கடைசியாக எடுத்துக்கொண்டு போவது உபசாரத்தைத்தான். மற்றதெல்லாம் போன பிறகும் விருந்தாளியை வரவேற்கத் தெரியும். வெளியாளுக்கு நோயே தெரியாது. தாதி தன் தட்டைக் கணினியைத் திறந்து, தானாகக் குளிப்பாவா, தானாக உடுப்பாவா, தானாகக் கழிப்பறைக்குப் போவாவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மொழிபெயர்க்க முதலே அப்பா ஹோட்டல் குசினியில் பழகிய தன் ஜெர்மனில் பதில் சொன்னார். "யா, யா. ஆலெஸ் ஸெல்பர்." எல்லாம் அவவே செய்வா. கேள்வி மாறியது, பதில் மாறவில்லை. தாதி என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

கிடைத்தது, வாரத்தில் ஒரு தரம் வந்து மருந்துப் பெட்டியை நிரப்பிவிட்டுப் போகிற உதவி. தாதி போன பிறகு நான் கத்தினேன். "ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்? உதவி செய்யத்தானே வந்தவ!" அப்பா பால்கனியிலிருந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அவை எழுதுறதை நீ காணேல்லையோ? எழுதினால் அது பிறகு எங்கட கழுத்துக்குத்தான் வரும். உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போனனி. நான் விசாரணைக்குப் போனனான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் அப்பாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மாதங்கள் கழித்து அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்டார்கள். முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் பொருந்தாவிட்டால் 'நெகட்டிவ்' வரும். நெகட்டிவ் என்றால் திருப்பி அனுப்புவது. முன்னால் இருப்பவர் சிரித்தாலும் நம்பாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், ஒருக்கால் சொன்னதைச் செத்தாலும் மாற்றாதே: டாவோஸில் ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவிய எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார்கள். அந்தப் பாடம் அவர்களைக் காப்பாற்றியது. இத்தனை வருடம் கழித்து, பேரனும் பிறந்து, கடவுச்சீட்டும் எடுத்த பிறகு, உதவி செய்ய வந்த தாதிக்கு முன்னால் அப்பா அதே விசாரணைக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் இந்தப் பாடம் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குக் குளிர்காலத்தில் தெரிந்தது.

ஒரு மத்தியானம் அப்பா சோபாவில் நித்திரையாகிவிட்டார். இரவிரவாக அம்மாவோடு முழித்திருக்கிற மனிதர், வேறென்ன செய்வார். அம்மா வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய், ஸ்டேஷனில் ரயில் ஏறி, சூரிச்சில் மாறி, லண்ட்குவார்ட் வரைக்கும் போய்விட்டா. அங்கேதான் டாவோஸுக்குப் போகிற சின்ன ரயில் எடுக்க வேண்டும். வீட்டில் குளியலறை எங்கே என்று தெரியாத மனுஷி அந்த மாற்றங்களை எல்லாம் பிழைவிடாமல் செய்திருந்தா. மேடையில் பனிக்குள் கோட்டு இல்லாமல் நின்றவவைப் பார்த்து யாரோ பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு வந்தபோது நான் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றேன். எப்படிக் கார் ஓட்டினேன் என்று ஞாபகமில்லை. இப்படி ஞாபகமில்லை என்று எழுதவே இப்போது பயமாக இருக்கிறது.

பொலிஸ்காரர் போர்த்திவிட்ட போர்வையோடு ஸ்டேஷன் வாங்குப் பலகையில் இருந்த அம்மா என்னைக் கண்டதும் எழும்பினா. மரியாதையாகச் சிரித்தா. "தம்பி, நீங்கள் தமிழோ? டாவோஸ் ட்ரெயின் எத்தினை மணிக்கு? பிந்தினால் செஃப் ஏசுவார்."

"அம்மா, நான்தான்."

"ஓம் ஓம்," என்றா, கதை கேட்க நேரமில்லாதவர்கள் சொல்வதுபோல.

"அம்மா, நான் உங்கட மகன். வடிவாப் பாருங்கோ." மூன்றாம் தரம் சொன்னபோது என் குரல் கத்தலாகிவிட்டது. அம்மா பின்னுக்குப் போனா. கண்ணில் பயம். என்னைப் பார்த்து என் அம்மா பயந்தா, அப்பன். பொலிஸ்காரரின் பின்னால் ஒதுங்கினா. நானும் இரண்டு அடி பின்னுக்குப் போனேன். பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாது, "ஓம் அக்கா, நானும் தமிழ்தான். நானும் டாவோஸுக்குத்தான் போறன். காரில வாங்கோ, கெதியாப் போகலாம்" என்றேன். வந்து ஏறினா. வழியெல்லாம் ஹோட்டல் செஃப் எவ்வளவு கோபக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தா. தனக்கு ஒரு மகன் இருக்கிறான், கெட்டிக்காரன், ஆனால் பொறுமை இல்லை என்றும் சொன்னா.

பொலிஸ், வளர்ந்தவர்களின் பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரசபைக்கு அறிவித்தது. இதை மெல்டுங் என்பார்கள்: இன்னார் ஆபத்தில் இருக்கலாம், பாருங்கள் என்கிற அறிவிப்பு. குற்றச்சாட்டு இல்லை. அதிகாரசபையிலிருந்து கடிதம் வந்தது. தபாலுறையைக் கண்டவுடன் அப்பாவின் முகம் எனக்குத் தெரியாத ஒரு முகமாக மாறியது. திறக்காமல் என்னிடம் நீட்டினார். "நெகட்டிவ் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

கடிதத்தில் பைஸ்டாண்ட் என்ற சொல் இருந்தது. ஒருவர் தன் காரியங்களைத் தானே பார்க்க முடியாதபோது, முடியாத பங்கை மட்டும் அவருக்காகப் பார்க்க அதிகாரசபை நியமிக்கிற ஆள். காசு, கடிதம், டாக்டர், எது தேவையோ அது. அவசியம் இருந்தால் மட்டும். சொந்தக்காரரையும் நியமிக்கலாம். சேர்ந்து வாழும் கணவனுக்கு அன்றாட அலுவல்களில் மனைவிக்காகக் கையெழுத்து வைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது; அது போதுமானால் பைஸ்டாண்டே வேண்டாம். இவ்வளவையும் நான் வாசித்து அறிந்து அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அவளைக் கொண்டுபோயிடுவினமோ?" உண்மையைச் சொல்லாவிட்டால் கொண்டுபோகக்கூடும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. தாதியின் பதிவில், வீட்டில் தனியாகச் சமாளிக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறது. அந்த மனுஷி பனிக்குள் நிற்கிறா. யார் பார்த்தாலும், பார்த்துக்கொள்கிறவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

"அப்பா, இந்த முறை உள்ளதைச் சொல்லுவம்."

"நான் முதல் சொன்னதைத்தான் சொல்லுவன்."

"அது பொய்."

"பொய்யெண்டாலும் ஒரே பொய்யா இருக்கவேணும்."

அதிகாரசபையிலிருந்து ஒரு பெண்ணும் அதே தாதியும் சேர்ந்து வந்தார்கள். திரும்பவும் நீலச் சேலை, திரும்பவும் வடை, பால்கனியில் கதிரை. தாதி அதே கேள்வியில் தொடங்கினார். அம்மா தானாகக் குளிக்கிறாவா? "யா. ஆலெஸ் ஸெல்பர்," என்றார் அப்பா. இந்த முறை சத்தம் குறைவாக.

நான் என்ன செய்திருக்கலாம் தெரியுமா? அவர்களைப் படிக்கட்டு வரை கூட்டிக்கொண்டு போய், ஜெர்மனில் இரகசியமாகச் சொல்லியிருக்கலாம். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு விளங்காத மொழியில் அவரைப் பற்றிக் கதைப்பதைச் சின்ன வயதில் அலுவலகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கு அதைச் செய்ய முடியவில்லை. அதனால் முதலில் தமிழில் சொன்னேன், அம்மாவின் முகத்தைப் பார்த்து. "அம்மா, உங்களை அப்பாதான் குளிப்பாட்டுறார். அப்பாதான் உடுப்புப் போட்டுவிடுறார். இரவில நீங்கள் எழும்பி நடக்கிறீங்கள், அப்பா நித்திரை கொள்ளுறதில்லை. நான் இதை இவைக்குச் சொல்லப்போறன்."

"வாயை மூடு," என்றார் அப்பா. என்னை அவர் அடித்ததே இல்லை. அன்றைக்குக் கை எழும்பியது.

அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தா. பிறகு அந்தத் தாதியிடம் குனிந்து, ஊர்க்கதை சொல்கிற குரலில், "ஓம் பிள்ளை. இவர் நல்லாக் குளிப்பாட்டுவார். சேலைதான் கட்டத் தெரியாது. குத்துது," என்றா.

தாதி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. தாதி எழும்பி வந்து, அம்மாவிடம் கேட்டுவிட்டு, இடுப்பில் வளைந்து போயிருந்த ஒரு ஊசியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்பா அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பிய கை முகத்துக்குப் போனது. விரல்களுக்குள்ளிருந்து அவர் கேட்டதை நான் அப்படியே ஜெர்மனில் சொன்னேன்: முதல் சொன்னதை மாற்றினால் நெகட்டிவ் தரமாட்டீர்களா? அந்தப் பெண்களுக்கு அது விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். அதிகாரசபைப் பெண் பேனையைக் கீழே வைத்தார். இங்கே மாற்றிச் சொல்லலாம், நோய் மாறுகிறது, சொல்வதும் மாறத்தானே வேண்டும், ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்லுங்கள் என்றார். அப்பா எழும்பிப் பால்கனிக்குப் போய்க் கதிரையை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்.

பைஸ்டாண்ட் போடவில்லை. காலையில் ஸ்பிட்டெக்ஸ் வருகிறது. சில நாட்களில் அம்மா பகல் நிலையத்துக்குப் போகிறா. இதற்கு என்ட்லாஸ்டுங் என்று பெயர்: பராமரிக்கிறவரின் சுமையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைப்பது. உதவி நோயாளிக்கு மட்டும் இல்லை, பார்க்கிறவருக்கும் உண்டு என்பதை எங்கள் ஆட்கள் கேட்டால் வெட்கப்படுவார்கள். அப்பாவும் வெட்கப்பட்டார். அம்மா இல்லாத முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "படுத்தனான்," என்றார், களவு செய்தவர் மாதிரி. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதே. அம்மா இறங்கிக்கொண்டுதான் போகிறா. இப்போது அப்பாவைப் பார்த்து "நீங்கள் ஆர்?" என்று கேட்கிறா, பகிடி இல்லாமல். "நான் தரகர்," என்கிறார் அப்பா. சில நாள் சிரிப்பா. சில நாள் இல்லை.

இனி என் முறை. போன மாதம் வேலையில் ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் நின்றேன். பக்கத்தில் நின்றவன் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் வருவதுதான் என்று உன் அம்மா சொல்கிறா. இருக்கலாம். எனக்கு முப்பத்துநாலு வயது. அந்தப் பெயர் திரும்பி வரும்வரை என் காதுக்குள் லண்ட்குவார்ட் ஸ்டேஷன் அறிவிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஃபோர்சோர்கெ-ஆவ்ஃப்ட்ராக் எழுதினேன். கடைசிச் சொல் இதுதான். தீர்மானிக்கும் திறன் எனக்கு இல்லாமல் போனால் என் காரியங்களை யார் பார்க்க வேண்டும் என்று, திறன் இருக்கும்போதே எழுதி வைப்பது. முதலில் கணினியில் அழகாக அடித்து, கையெழுத்து வைத்து, கோப்பில் போட்டேன். அது செல்லாது. ஆரம்பம் முதல் முடிவுவரை சொந்தக் கையால் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்திரங்களை உறுதிப்படுத்துகிற நொத்தாரிசிடம் போக வேண்டும். எரிச்சலோடு எழுதத் தொடங்கினேன். பாதியில் எரிச்சல் போய்விட்டது. என் கை என்னைப் பற்றி, நான் அல்லாத ஒரு மனிதனைப் பற்றி எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருந்தது. உன் அம்மாவின் பெயரைப் போட்டேன். நீ பதினெட்டைத் தாண்டியதும், நீ சம்மதித்தால், உன் பெயரையும் சேர்த்துத் திரும்ப எழுதுவேன். சம்மதிக்காவிட்டால் கோபிக்க மாட்டேன். இதை இப்போது சொல்லி வைக்கிறேன், அப்போது கோபித்தாலும் கோபிப்பேன்.

அவர்கள் அளக்க வருகிற நாளில் நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருப்பேன். கோப்பி வேண்டுமா என்று கேட்பேன். அவர்கள் ஏறி வந்த லிஃப்டில் என்ன சத்தம் என்று சொல்வேன், ஒருவேளை சரியாகவும் சொல்வேன். அவர்கள் ஏமாறுவார்கள். நீயும் ஏமாற ஆசைப்படுவாய், ஏனென்றால் அந்தக் கொஞ்ச நேரம் உன் அப்பா திரும்பி வந்துவிட்டதுபோல இருக்கும். ஏமாறாதே. குளியலறைக் கதிரையை ஒளிக்காதே. என்னைக் கழுவுகிறது யார், நான் இரவில் எங்கே நடக்கிறேன், உன் அம்மா எத்தனை நாள் நித்திரை இல்லாமல் இருக்கிறா, எல்லாவற்றையும் சொல். படிக்கட்டில் வைத்துச் சொல்லாதே, எனக்கு முன்னால் வைத்தே சொல். முதலில் தமிழில் என்னிடம், பிறகு அவர்களிடம். நான் வாயை மூடு என்பேன். கை ஓங்கினாலும் ஓங்குவேன். நீ நிறுத்தாதே.

ஆனால் ஒரு பனி நாளில், ஏதோ ஒரு ஸ்டேஷனில், செருப்போடு நிற்கிற நான் உன்னைப் பார்த்து "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டால், நீ யார் என்று நிரூபிக்கப் பார்க்காதே. மூன்று தரம் சொல்லிப் பயமுறுத்தாதே. நான் எங்கே போகிறேன் என்று கேள். வேலைக்கு என்பேன், எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பேன். "ஓம் அண்ணை, நானும் தமிழ்தான், நானும் அங்கதான் போறன், ஏறுங்கோ" என்று சொல்லி, காரில் சூட்டைக் கூட்டிவிட்டு, என்னை வீட்டுக்குக் கொண்டுவா. வழியில் எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்வேன். என்ன சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு வா.

உன் அப்பா